கம்பி அறுந்தால் உங்கள் உடம்பைக் குறை சொல்லாதீர்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றியவை. அதனால் மிக்சி, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பிரேக் கட்டை உரசும் இடத்தில் அலுமினிய ரிம் உள்வாங்கிவிட்டது. விரலால் தடவினால் குழி தெரிகிறது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமா?
- வாசகர், குழித்துறை

கூடாது. டயரைப் பிடித்து நிறுத்துவதே ரிம்மின் அந்தப் பக்கச் சுவர்தான். இந்த வாரமே மாற்றுங்கள்.

என் எடை 108 கிலோ. டாக்டர் சொன்னதால் ஏழு கியர் சைக்கிள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் பத்மநாபபுரம் வரை போய் வருவேன். மூன்று மாதத்தில் பின்சக்கரத்தில் நான்கு கம்பி அறுந்துவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றித் தருகிறார்கள். போன வாரம் கடையில் நாலு பேர் நிற்கும்போது, "உங்க உடம்புக்கு சைக்கிள் சரிப்படாது, ஸ்கூட்டர் வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதுச் சக்கரம் வாங்குவதா, இதையே கட்டுவதா?
- வாசகர், தக்கலை

இதையே கட்டுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, ரிம்மும் எல்லாக் கம்பியும், கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரையான நிப்பிளும் புதிதாகப் போடுங்கள்.

அந்தக் கடைக்காரர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். இந்தப் பேச்சின் மேல் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு. திங்கள்சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பின்கேரியரின் இரண்டு பக்கமும் குலை தொங்கும், மேலே ஒன்று கிடக்கும், அவரும் ஏறி மிதிப்பார். எல்லாம் சேர்ந்தால் உங்கள் எடையைத் தாண்டிவிடும். அந்த 28 இஞ்ச் சைக்கிளில் கம்பியை எண்ணிப் பாருங்கள். முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். பாரம் பின்னால்தான் விழும் என்று தெரிந்து போட்ட கணக்கு அது. கனமான ஆளைத் தாங்கும் சக்கரம் நம் ஊரில் தாத்தா காலத்திலிருந்தே ஓடுகிறது. உங்களுக்கு விற்ற சக்கரத்தில்தான் குறை. மருந்துபோல நினைத்து சைக்கிளை மிதிக்க வந்தவரை நாலு பேர் முன்னால் கூச வைத்துத் திருப்பி அனுப்புவது பெரிய தப்பு.

கம்பி ஏன் அறுகிறது? பாரம் தாங்காமல் ஒரே இழுப்பில் அறுவது அபூர்வம். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வரும். அந்த நேரத்தில் அதன் இறுக்கம் குறையும், மேலே போனதும் திரும்ப ஏறும். சுற்றுக்கு ஒரு தடவை இப்படி நடக்கிறது. கம்பி முதலிலேயே நன்றாக இறுகியிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை லட்சக்கணக்கான தடவை தாங்கும். தளர்ந்திருந்தால் கீழே வரும்போது தொய்ந்து, ஹப்பின் ஓட்டைக்குள் அதன் வளைவு ஆடும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான். கனமான ஆள் ஏறினால் இது சீக்கிரம் நடக்கும். இறுக்காமல் விட்டதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

அறுந்த கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையில் வாங்கிப் பாருங்கள். வளைவில் அறுந்திருந்தால் நான் மேலே சொன்ன காரணம். நடுவில் கீறல் விழுந்து அறுந்திருந்தால், பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி செயின் உள்ளே விழுந்து கடித்திருக்கிறது. கியரைச் சரிசெய்யாமல் எத்தனை கம்பி போட்டாலும் வீண். உங்களுக்கு நான்கும் வளைவில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மீதிக் கம்பிகளும் அதே அளவு களைத்துப் போனவை. ஐந்தாவது, ஆறாவது என்று வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு மூன்று அறுந்த பிறகும் ஒற்றைக் கம்பி மாற்றிக் காசு வாங்குகிறவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

ரெடிமேட் சக்கரம் வேண்டாம் என்று நான் சொல்வது அனுபவத்தில். 'ஹெவி டியூட்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பின்சக்கரம் ஒன்றை இணையத்தில் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் நாள் ஏறி மிதித்ததும் டிங், டிங் என்று சத்தம். முறுக்கோடு விட்டிருந்த கம்பிகள் பாரம் விழுந்ததும் முறுக்கு அவிழ்கிற சத்தம் அது. அது தெரியாமல், புதுசு, பழகிவிடும் என்று ஓட்டினேன். சுசீந்திரம் தாண்டுவதற்குள் சக்கரம் மட்கார்டில் உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் ஐந்து நிப்பிளை வெறும் விரலால் திருப்ப முடிந்தது. விற்றவர் கடைசி வரை பதில் போடவில்லை.

கட்டக் கொடுக்கும்போது இதைக் கேளுங்கள்: 36 ஓட்டை உள்ள இரட்டைச் சுவர் (உள்ளே இரண்டு அடுக்கு) அலுமினிய ரிம், 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள். ஹப்பில் எத்தனை ஓட்டையோ அத்தனைதான் ரிம்மிலும் இருக்க வேண்டும், முதலில் எண்ணுங்கள். ஹப்பில் 32 இருந்தால் அதையும் 36-க்கு மாற்றுவது உங்களுக்கு நல்லது. கியர் சைக்கிளில் பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து இறுகியும், இடப்பக்கம் தளர்ந்தும் நிற்கும். அதனால் பக்கத்தோடு பக்கம்தான் ஒப்பிட வேண்டும். சக்கரம் கைக்கு வந்ததும் வலப்பக்கக் கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று 'டப்' என்று செத்த சத்தம் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அப்புறம், ஃபிரேமில் இடம் இருந்தால் ஒரு அளவு அகலமான டயர் போட்டு, அதன் ஓரத்தில் அச்சிட்ட அளவுக்குள் பின்னால் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வையுங்கள்.

இன்னொன்று. சைக்கிளோடு கொடுத்த கையேட்டில் அதிகபட்ச எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், சைக்கிளின் எடையும் அதற்குள் அடக்கமா என்பதையும் பாருங்கள். 108 கிலோ அதற்குள் வருகிறது என்றால், எட்டு மாதத்தில் நான்கு கம்பி போனதற்கு விற்ற கடை பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

என் சைக்கிள் 26 இஞ்ச். ஆன்லைனில் 26 இஞ்ச் ரிம் வாங்கினேன். பழைய டயர் ஏற மறுக்கிறது. திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது. ரிம்மை அரம் போட்டு ஏற்றலாமா?
- வாசகர், இரணியல்

அரம் போடக்கூடாது. 26 இஞ்ச் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. மலை சைக்கிள் வகைக்கு 559, லேடீஸ் சைக்கிளில் வரும் 26 x 1⅜-க்கு 590. இது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். 28 என்று சொல்வதிலும் இதே குழப்பம் உண்டு, 635 இருக்கிறது, 622 இருக்கிறது. டயரின் ஓரத்தில் 37-590 என்பதுபோல எண் அச்சடித்திருக்கும். ஆர்டர் போடும் முன் அரை நிமிடம் குனிந்து அதைப் பார்த்திருக்கலாம். பார்சல் வந்த அன்றே டயரை வைத்துப் பார்த்திருந்தால்கூடத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கீறல் படாத ரிம் என்றால் உள்ளூர் சைக்கிள் கடையில் குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காற்றே அடிக்க வேண்டாத டயர் வந்திருக்கிறதாமே? எடை 95 கிலோ. பஞ்சர் தொல்லை போகும் என்று பார்க்கிறேன்.
- வாசகர், ஆரல்வாய்மொழி

வாங்காதீர்கள். நான் ஒரு ஜோடி வாங்கி நாற்பது நாள் ஓட்டினேன். காற்று தாங்க வேண்டிய குலுக்கல் எல்லாம் ரிம்முக்கும் கம்பிக்கும் முதுகுக்கும் வந்தது. கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. இப்போது அவை எங்கள் மாட்டுத் தொழுவத்தில் கிடக்கின்றன.

அப்பா சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். வயது 61. பின்சக்கரம் முழுதாக மாற்றும்போது, ஸ்டெயின்லெஸ் கம்பி என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் எல்லாக் கம்பியும் துரு. போய்க் கேட்டால், "உப்புத் தண்ணி பட்டா துருப்பிடிக்கத்தான் செய்யும், வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில் தரவில்லை, ஜிபேயில் அனுப்பியது இருக்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
- வாசகி, குளச்சல்

இல்லை மகளே, அது உண்மை இல்லை. தானே உழைத்துப் பிழைப்பதற்காக ஒருவர் வாங்கும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகப் பார்ப்பதில்லை. உங்கள் அப்பா முழு உரிமையுள்ள நுகர்வோர். பில் தராததே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள்.

முதலில் ஒரு காந்தத்தைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் லேசாக இழுக்கும், ஆனால் 'டக்' என்று இறுக ஒட்டினால் அது பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு போட்ட சாதாரண இரும்புக் கம்பிதான். கடல்காற்றில் நல்ல ஸ்டெயின்லெஸ்ஸிலும் பழுப்புக் கறை வரும், துடைத்தால் போய்விடும். துடைத்தபின் சொரசொரப்பு நின்றால் அது துரு. வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், ஒரு கம்பியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பணம் அனுப்பிய பதிவைச் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு வருஷம் வரை புகார் கொடுக்கலாம். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். விடியற்காலையில் ஏலக் கரைக்குப் போகிறவரிடம் இப்படிப் பணம் பிடுங்கியவர்களைச் சும்மா விடக்கூடாது.

20 கம்பி மட்டும் உள்ள சக்கரம் பார்க்க அழகாக இருக்கிறது. எடை 102 கிலோ. போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

வேண்டாம்.

போன மாதம் ரிம்மும் கம்பியும் வாங்கினேன். பில்லில் 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறது.
- வாசகர், கருங்கல்

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் 5 சதவீதம்தான். பில்லோடு போய் வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீல் கட்டத் தெரிந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் தெரியும் என்கிறார்கள்.
- வாசகர், அருமனை

புதுக் கடைகளில் பெட்டியைப் பிரித்து சைக்கிளைப் பூட்டத் தெரிந்தவர்கள்தான் அதிகம். பெண்ட் எடுப்பதும் வீல் கட்டுவதும் வேறு வேறு வேலை. ஓவராயில், அதாவது சைக்கிளை முழுக்கப் பிரித்துப் பூட்டும் வேலை எடுத்துச் செய்யும் பழைய கடைகளில் விசாரியுங்கள். கொடுப்பதற்கு முன் வேறு யாருக்காவது அவர் கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பியை அளக்காமல் எடுத்து மாட்டுகிறவர் வேண்டாம். நீளம் கூடினால் முனை நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தும், குறைந்தால் இரண்டு மூன்று மரைதான் பிடித்திருக்கும். கோட்டாறு பக்கம் எனக்குக் கட்டித் தருபவர் எல்லாம் முடிந்தபிறகு, அடுத்தடுத்த இரண்டு கம்பிகளைச் சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிழிவார். பழைய துணி சுற்றிய கைதான், ஆனாலும் தோலில் கோடு பதிந்துவிடும். அப்படிச் சக்கரம் முழுக்க ஒரு சுற்று. வளைவுகள் ஹப்பில் நன்றாக உட்காரும், மிச்ச முறுக்கும் அப்போதே அவிழும். அதன்பிறகு ஸ்டாண்டில் மாட்டி மறுபடி நேர் பார்ப்பார்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறுக்கம் பார்க்க வரட்டுமா என்று அவரிடம் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்றால் சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.