ஒரே பெருங்குடல்தானே, மருந்து மட்டும் ஏன் வேறு?

கடலூரில் இருக்கும் உங்கள் மாமாவுக்கும் பாகூரில் இருக்கும் அவர் நண்பருக்கும் பெருங்குடல் புற்றுநோய். இருவருக்கும் ஜிப்மரில் சிகிச்சை, ஆனால் மருந்து ஏன் வேறு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

கருவிலேயே பெருங்குடலின் வலப்பகுதி நடுக்குடலிலிருந்தும் இடப்பகுதி பின்குடலிலிருந்தும் உருவாகின்றன; இரத்தம் தரும் தமனிகளும் வேறு. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான 'எம்எஸ்ஐ' வகையும் பிராஃப் மரபணு மாற்றமும் வலப்பக்கக் கட்டிகளில் அதிகம். அங்கே குடல் அகலம், மலமும் இளகியிருக்கும். எனவே அடைப்பு தாமதமாகும். கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, பெரும்பாலும் சோகையாகத்தான் நோய் வெளிப்படும். (வயதானவரின் சோகைக்குக் காரணம் தேடாமல் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.) இடப்பக்கத்தில் ஏபிசி, பி53 மரபணு மாற்றங்களும் குரோமோசோம் குளறுபடியும் மிகுதி, மலத்தில் இரத்தம், மலச்சிக்கல், அடைப்பு என்று வெளிப்படும்.

நோய் பரவிய நிலையில், ராஸ் மரபணு மாறாதிருந்தால், புற்றுச்செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் செடுக்சிமாப் போன்ற மருந்துகள் இடப்பக்கக் கட்டிகளில்தான் நன்கு பலன் தருகின்றன. எம்எஸ்ஐ வகைக்கு எந்தப் பக்கமானாலும் நோயெதிர்ப்புச் சிகிச்சை கைகொடுக்கக்கூடும். மாமாவின் திசு அறிக்கையில் ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ முடிவுகள் இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.