கேளுங்கள் அக்காவிடம்: "இருக்கலாம்" என்று டொக்டர் எழுதினால் என்ன கோட்?

கேள்வி: அக்கா, கொழும்பில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் கோட் (நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடு) போடும் ஒபிஸ் ஒன்றில் சேர்ந்து நாலு மாதம். இரவு வேலை. போன மாதம் ஒரு ஃபைலில் 'நியூமோனியாவாக இருக்கலாம்' என்று இருந்தது. நியூமோனியா கோட் போட்டேன், சரி என்றார்கள். இந்த வாரம் 'நெஞ்சுவலி, ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம்' என்று வந்தது. ஹார்ட் அட்டாக் கோட் போட்டதற்கு ஓடிற் செய்கிறவர் எல்லார் முன்னாலும் ஏசினார். ஒரே சொல்லுக்கு இரண்டு சட்டமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: ஓம் தங்கச்சி, இரண்டு சட்டம்தான். முதல் ஃபைல் வார்டில் கிடந்து துண்டு வெட்டிப் போன ஆளுடையதாக இருக்கும். துண்டு வெட்டும்போதும் டொக்டர் 'இருக்கலாம்' என்றே எழுதியிருந்தால், ஆஸ்பத்திரியின் பில்லில் அந்த நோய் இருப்பதாகவே கோட் போடலாம். இரண்டாவது ஆள் கிளினிக்கில் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் என்று நினைக்கிறேன். அங்கே 'இருக்கலாம்', 'சந்தேகம்' எதற்கும் நோயின் கோட் கிடையாது. டொக்டருக்கு நிச்சயமாகத் தெரிந்தது நெஞ்சுவலி மட்டும். ஆகவே நெஞ்சுவலிக்குரிய கோட், ஆர் 07.9. ஈசிஜி எடுத்ததற்குக் காரணம் காட்ட அதுவே போதும். நீங்கள் போட்டது நின்றிருந்தால், வராத ஹார்ட் அட்டாக் ஒன்று அந்த மனிசனுடைய கோப்பில் ஏறியிருக்கும்.

எல்லார் முன்னாலும் ஏசியது மட்டும் பிழை. பிழைவிடாமல் இந்த வேலை பழகியவர் யார்? நான் இடது முழங்கால் தேய்வுக்கு எம் 17.12 போட்டு, மூட்டில் ஊசி போட்டதற்கான 20610 கோட்டுக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் என்று காட்டும் மொடிபயராக ஆர்டியை ஒட்டி அனுப்பினேன். ஆர்டி என்றால் வலது. நோய் ஒரு காலில், ஊசி மற்றக் காலில்! மூன்று கிழமை கழித்துக் காசில்லாமல் திரும்பி வந்தது. அன்றைக்கே 'ஆர்டி – சோத்துக்கைப் பக்கம்' என்று துண்டு எழுதி மொனிட்டரில் ஒட்டினேன். வேலையை விடும் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது, ஓரமெல்லாம் பிளேன்ரீ கறையோடு.

கேள்வி: காப்புறுதிக்காரரிடம் காசு கேட்டு அனுப்பும் கிளெய்ம் 'ரிஜெக்ட்' ஆவதும் 'டினை' ஆவதும் ஒன்றுதானே?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இல்லைத் தம்பி. ரிஜெக்ட் ஆனது படலையோடு திரும்பியது. பிறந்த திகதி பிழை, டொக்டரின் 10 இலக்க அடையாள எண்ணான என்பிஐயில் ஓர் இலக்கம் குறைவு, இப்படி ஏதாவது இருக்கும். எலெக்ட்ரோனிக் கிளெய்மில் ஐசிடி என்ற நோய்க் கோட்டின் புள்ளியும் போகக்கூடாது, ஈ 11.9 அங்கே ஈ 119. நல்ல சொஃப்ட்வெயர் புள்ளியைத் தானே எடுத்துவிடும். ரிஜெக்டைத் திருத்திப் புதுசாகவே அனுப்பலாம்.

டினை ஆனதைக் காப்புறுதிக்காரர் உள்ளே எடுத்து, பார்த்து, காசு இல்லை என்று காரணக் கோட்டோடு சொல்லிவிட்டார்கள். அதைப் புதுசு மாதிரித் திரும்ப அனுப்பினால் 'டூப்ளிகேட்' என்று மறுபடி விழும். தனியார் கொம்பனிகள் பலவற்றுக்குத் திருத்தியது என்று காட்ட 7 என்ற இலக்கமும் பழைய கிளெய்ம் எண்ணும் வேண்டும். அமெரிக்க அரசின் காப்புறுதியான மெடிகேருக்கு டொக்டர் பில்லில் அந்த 7 எடுபடாது. ரிஜெக்ட் பட்டியலைத் தினமும் திறந்து பாருங்கள்: உள்ளே போகாத கிளெய்ம் அனுப்பிய கணக்கில் சேராது, மெடிகேர் தரும் தவணையோ சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம்தான்.

கேள்வி: செப்டம்பர் 30 கிளினிக்கில் பார்த்த ஆளுக்கு ஒக்டோபர் 5 அனுப்பினால் பழைய கோட்டா, புதிய கோட்டா?
– தெஹிவளை வாசகி

பதில்: பழையதுதான். ஐசிடி ஒக்டோபர் 1, சிகிச்சைக்கான சிபிடி கோட் ஜனவரி 1 மாறும். பார்த்த திகதிதான் கணக்கு. வார்டில் இருந்தவருக்கு மட்டும் ஐசிடிக்குத் துண்டு வெட்டிய திகதியைப் பாருங்கள்.