டெமோ எங்கே?

கேள்வி: கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ஊரெல்லாம் காசு திரட்டி வீடியோ கேம் செய்கிற காலம் மலையேறிவிட்டது என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. 2012-இல் பிரபல கேம் வடிவமைப்பாளர் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் 4 லட்சம் டாலர் கேட்டது. 87 ஆயிரம் பேர் சேர்ந்து 33 லட்சத்துக்கும் மேல் கொட்டிவிட்டார்கள். கேமுக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை. ஆளை நம்பி விழுந்த காசு அது. அப்புறம் அந்தப் பணமும் பத்தாமல், ‘புரோக்கன் ஏஜ்’ என்று பெயர் வைத்த அந்த கேம் இரண்டு துண்டாக, 2014-இல் பாதி, 2015-இல் மீதி என்று வந்து சேர்ந்தது. 2013-இல் ‘மெகா மேன்’ கேம் புகழ் கெய்ஜி இனாஃபுனே 38 லட்சம் டாலர் திரட்டினார். மூன்று வருடம் கழித்து வந்த ‘மைட்டி நம்பர் 9’-ஐப் பார்த்துப் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பெரிய பெயரைக் காட்டினாலே பணம் விழும் என்ற காலம்தான் மலையேறியது.

சின்ன ஆட்கள் கதை வேறு. அதே 2013-இல் டோபி ஃபாக்ஸ் கேட்டது வெறும் 5 ஆயிரம் டாலர். கிடைத்தது 51 ஆயிரம். பணம் கேட்பதற்கு முன்பே ‘அண்டர்டேல்’ கேமின் டெமோவை, அதாவது ஆடிப் பார்க்க ஒரு சின்ன மாதிரியை, வெளியே விட்டிருந்தார். பிடித்தால் போடு, பிடிக்காவிட்டால் போ, அவ்வளவுதான். இனிமேல் இதுதான் ஓடும் என்பது என் கணிப்பு.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2015-இல் ‘பிளட்ஸ்டெய்ன்ட்’ கேமுக்காக 5 லட்சம் டாலர் கேட்டபோதே, இது கிடைத்தால் மீதிச் செலவைப் பார்த்துக்கொள்ள வெளியே ஆள் இருக்கிறது என்று சொல்லித்தான் கேட்டார்கள். 55 லட்சம் வந்தது. அங்கே தேவைப்பட்டது பணத்தை விடக் கூட்டம். ‘இத்தனை ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள்’ என்று பணம் போடுகிற முதலாளியிடம் நீட்ட ஒரு கடுதாசி. வெறும் பணம்தான் வேண்டும் என்பவர்களுக்கு கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் எர்லி ஆக்சஸ் இருக்கிறது. அரைகுறையாக இருக்கும்போதே விற்கலாம். ‘டிவினிட்டி ஒரிஜினல் சின்’ இரண்டு பாகங்களுக்கும் கிக்ஸ்டார்ட்டரில் கை நீட்டிய லாரியன் நிறுவனம், ‘பால்டர்ஸ் கேட் 3’ வரும்போது அந்தப் பக்கமே போகவில்லை. 2020-இல் நேராக எர்லி ஆக்சஸ்.

கேள்வி: நீங்கள் காசு போட்டு ஏமாந்ததுண்டா?

பதில்: உண்டு. பெயர் வேண்டாம். ஒரு துப்பறியும் கேம். முதல் வருடம் மாதம் தவறாமல் மின்னஞ்சல் வந்தது. ஒரு மின்னஞ்சலில் பழைய பித்தளைக் கதவுக் கைப்பிடியைப் பதினொரு விதமாக வரைந்து, எது வேண்டும் என்று எங்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஏழாவதற்குக் குத்தினேன். ஏழுதான் ஜெயித்தது. எனக்கு ஒரே பெருமை. கடைசியாக வந்தது ‘அடுத்த வாரம் நல்ல சேதி சொல்கிறோம்’ என்ற மின்னஞ்சல். நாலு வருடம் ஆகிறது. கைப்பிடி இருக்கிறது, கதவைக் காணோம்.

சண்டை போட முடியாதா என்பீர்கள். கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லையே. இலக்கை எட்டாவிட்டால் நம் காசை எடுக்கவே மாட்டார்கள், அது நியாயம். எட்டி, பணம் கைமாறிய பிறகு கேம் வராமல் போனால், அது நமக்கும் கேம் செய்கிறவருக்கும் உள்ள வழக்கு.

கேள்வி: ‘ஸ்டார் சிட்டிசன்’ என்கிற விண்வெளி கேம் எப்போது முழுசாக முடியும்?

பதில்: 2012-இல் வசூல் ஆரம்பம். 2022-இல் 50 கோடி டாலரைத் தாண்டியது. முடித்துவிட்டால் வசூல் நின்றுவிடுமே!

கேள்வி: காசு போடுகிறவர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்தால் என்ன?

பதில்: செய்து பார்த்தார்கள். 2015-இல் ‘ஃபிக்’ என்று ஒரு தளம் அதற்காகவே வந்தது. ‘சைக்கோநாட்ஸ் 2’-க்கு அங்கே 38 லட்சம் டாலர் சேர்ந்தது. 2020-இல் ஃபிக்கையே வேறு நிறுவனம் வாங்கிவிட்டது. ரசிகராக இருந்து கேமுக்குக் காத்திருப்பது சுகம். பங்குதாரராகிவிட்டால் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரு புதிர் கேம் செய்கிறோம். எவ்வளவு கேட்கலாம்?

பதில்: முதலில் செலவைக் கூட்டுங்கள், உங்கள் இருவர் சாப்பாட்டையும் சேர்த்து. திரண்டதில் கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. டி-ஷர்ட், பொம்மை என்று பரிசு அறிவிக்காதீர்கள், தபால் செலவு தின்றுவிடும். கேமின் பிரதி, நன்றிப் பட்டியலில் பெயர், போதும்.

‘இன்னும் இவ்வளவு வந்தால் இதையும் சேர்ப்போம்’ என்கிற ஸ்ட்ரெச் கோலில் ரொம்ப ஜாக்கிரதை. 2014-இல் ‘ஹாலோ நைட்’ 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டியபோது, இன்னொரு கதாபாத்திரமாகவும் ஆட வைப்போம் என்று அப்படி ஒரு வாக்குக் கொடுத்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து தனி கேமாகி, ‘சில்க்சாங்’ என்ற பெயரில் வெளிவந்தது 2025 செப்டம்பரில். முதல் கேம் நன்றாக விற்றதால் அவர்களுக்குத் தாங்கியது. உங்களுக்குத் தாங்குமா, யோசியுங்கள்.

டெமோ தயாரானதும் எனக்கும் ஒரு லிங்க் அனுப்புங்கள். கதவுக் கைப்பிடி எப்படி இருந்தாலும் பரவாயில்லை.