பெரிய பேட்டரி போதுமா?

கேள்வி: அண்ணே, ஹைலக்ஸில் குவா மூசாங் பக்கம் முகாம் போனோம். இரவெல்லாம் ஐஸ்பெட்டி ஓடியது; காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அப்போதும் அதே கதைதான் தம்பி, கொஞ்சம் தாமதமாக நடக்கும். ஸ்டார்ட் பேட்டரி ஒரே மூச்சில் கரண்ட் கொடுக்கத்தான்; அடிக்கடி காலியானால் உள்ளே தகடு கெட்டுவிடும். சராசரி 3 ஆம்பியர் இழுக்கும் பெட்டி 12 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி தின்றுவிடும். ஐஸ்பெட்டிக்கென்று பின்னால் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) ஒன்றைத் தனியாக வையுங்கள், குலுக்கலைத் தாங்கும். லித்தியம் எடை குறைவு, ஆனால் எஞ்சின் சூட்டருகே வேண்டாம். இரண்டு பேட்டரிக்கும் நடுவே டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது பின் பேட்டரியை ஏற்றும் கருவி), பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். அப்புறம், பேட்டரி முனையில் வயரைப் பிடிக்கும் கிளாம்பை இறுக்குங்கள். செந்தூலில் என் பட்டறைக்கு “பேட்டரி செத்துப்போச்சு” என்று வந்த ஒரு வண்டியில் கிளாம்புதான் தளர்ந்திருந்தது. பத்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை.