டால் எலிக்கு உப்பு ஆகாததற்கு எந்த நொதி காரணம்?

உப்புத் தீனி போட்டால் டால் எஸ் எலிக்கு (உப்பு ஆகாத ஆய்வக எலி வகை) ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஆர் எலிக்கு (உப்பைத் தாங்கும் வகை) ஏறுவதில்லை. எந்த நொதியால் இந்த வித்தியாசம் என்பது கேள்வி. ஒரே நொதியைக் கைகாட்ட முடியாது. லூயிஸ் டால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 8% உப்புத் தீனி கொடுத்து, அழுத்தத்தை மட்டும் பார்த்து 1962-ல் பிரித்தெடுத்த எலி வம்சங்கள் இவை. அழுத்தத்தோடு தொடர்பே இல்லாத பல மரபணுக்களும் அதில் பிரிந்துபோய்விட்டன.

முதலில் பிடிபட்டது அட்ரீனல் சுரப்பியின் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ். எஸ் எலியில் இது 18-ஹைட்ராக்சி-டிஆக்சிகார்டிகோஸ்டீரோன் என்ற, உப்பைத் தேக்கும் ஸ்டீராய்டைக் கூடுதலாகச் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாறிப்போன நொதி எஸ்ஸில் இல்லை, ஆர் எலியில்தான். 7-ம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் 5 அமினோ அமிலங்கள் மாறியிருப்பதை 1993-ல் காட்டினார்கள். இரண்டு வம்சங்களையும் கலந்து பிறந்த இரண்டாம் தலைமுறையிலும் ஆர் வடிவம் வந்த எலிகளுக்கு அழுத்தம் குறைவாக இருந்ததால்தான் இதை நம்பலாம்.

மற்றவை சிறுநீரகத்தில். எஸ் எலியின் வெளி மெடுல்லாவில் (சிறுநீரக உட்பகுதியின் வெளி அடுக்கு) சிஒய்பி4ஏ நொதி தயாரிக்கும் 20-ஹெச்இடிஇ என்ற கொழுப்பு அமிலப் பொருள் குறைவு. சிறுநீரகக் குழாயில் வளைந்து செல்லும் ஹென்லே வளையத்தின் தடித்த ஏறுபகுதியில் சோடியமும் குளோரைடும் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கும். குறைந்தால் உப்பு உள்ளேயே நிற்கும். குளோஃபைப்ரேட் என்ற மருந்தைக் கொடுத்து அந்த நொதியைக் கூட்டினால் அழுத்தம் இறங்குகிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தியில் பங்கெடுக்கும் ஃபியூமரேஸ் நொதியும் எஸ்ஸில் மந்தம். பிரவுன் நார்வே என்ற வேறொரு ஆய்வக எலி வகையின் 13-ம் குரோமோசோமை எஸ்ஸுக்குள் புகுத்தினால் ஃபியூமரேஸ் செயல்பாடு கூடுகிறது, உப்பால் ஏறும் அழுத்தமும் குறைகிறது. அந்தக் குரோமோசோமில் வேறு மரபணுக்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நீங்களே அளக்கப் போகிறீர்கள் என்றால், ஃபியூமரேஸ் சுலபம்: அந்த நொதி ஃபியூமரேட்டாக மாற்றும் மாலேட்டைச் சேர்த்து 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஏறும் வேகத்தைப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடும். முழுச் சிறுநீரகத்தையும் அரைத்தால் கார்டெக்ஸின் (சிறுநீரகத்தின் வெளிப்பகுதி) அளவு மெடுல்லாவின் வித்தியாசத்தை மூழ்கடிக்கும். பனிக்கட்டி மேல் வைத்து இரண்டையும் தனித்தனியே வெட்டுங்கள். வாரக்கணக்கில் 8% உப்பு தின்ற எலியின் சிறுநீரகம் கெட்டிருக்கும். அங்கே குறைந்த நொதி நோயின் விளைவாகவே இருக்கலாம். அதனால் 0.4% தீனியில் வளர்ந்த எலிகளிலும் ஒரு தொகுதி அளந்தே ஆக வேண்டும். கடையில் வாங்கும் சாதாரணத் தீனியைக் குறைந்த உப்புத் தீனி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் உப்பே எஸ் எலிக்கு அதிகமாகிவிடலாம். என்னைக் கேட்டால் ஆர் எலியை ஒப்பீட்டுக்கு வைப்பதைவிட, ஒரு குரோமோசோம் மட்டும் மாற்றிய எஸ் எலியை வைப்பதே மேல்.