காலரா நச்சு நுழையும் வழி – கடிதம்

வணக்கம் ஐயா,

காலரா பற்றிய உங்கள் கட்டுரையை வகுப்பில் படித்துக்காட்டினேன். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். கிருமி குடல் செல்லுக்குள் போவதில்லை, அதன் நச்சுதான் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். "அவ்வளவு பெரிய புரதம் சவ்வைத் துளைத்துக்கொண்டா போகும்? செல் ஏன் தடுக்கவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் சரியாக விளக்க முடியவில்லை. உள்ளே போன நச்சை மருந்தால் நிறுத்த முடியாதா?

பூங்கொடி

அன்புள்ள பூங்கொடி,

மிக நல்ல கேள்வி. அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். காலரா நச்சு எதையும் துளைப்பதில்லை. செல்லே அதை உள்ளே எடுத்துச்செல்கிறது.

இந்த நச்சில் 'பி' எனப்படும் ஐந்து துண்டுகள் வளையமாக அமைந்திருக்கின்றன. அவற்றோடு 'ஏ' என்ற ஒரு துண்டு. கேடு செய்வது ஏ. பற்றிக்கொள்வது மட்டுமே வளையத்தின் வேலை. குடல் செல்லின் மேற்பரப்பில் ஜிஎம்1 என்ற, சர்க்கரை இணைந்த கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது. வளையம் அதைப் பிடித்துக்கொள்கிறது. செல் தன் சவ்வைச் சிறுசிறு பைகளாக ஓயாமல் உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும். நச்சும் கூடவே போய்விடுகிறது.

ஆனால் பைக்குள் போய்விட்டாலே செல்லுக்குள் போய்விட்டதாக ஆகாது. பையின் சவ்வு இன்னும் குறுக்கே நிற்கிறது. வகுப்பில் இதை அழுத்திச் சொல்லுங்கள். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயின் நச்சு இதை நேரடியாகக் கடக்கிறது: பைக்குள் அமிலத்தன்மை கூடியதும் அது உருமாறிச் சவ்வில் பதிந்து, தன் நச்சுப் பகுதியை அப்பால் அனுப்பிவிடுகிறது. காலரா நச்சோ பின்னோக்கி, செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலை வரைக்கும் பயணம் செய்கிறது. புரதங்கள் மடிந்து வடிவம் பெறும் இடம் அது. சரியாக மடியாதவற்றைச் செல் அங்கிருந்து தன் உள்திரவமான சைட்டோபிளாசத்துக்கு வெளியேற்றி அழித்துவிடும். ஏ துண்டின் நச்சுப் பகுதி அங்கே தனியே பிரிந்து, மடிப்புக் குலைந்து, கெட்டுப்போன புரதம்போல் ஆகிவிடுகிறது. செல் அதை வலையிலிருந்து சைட்டோபிளாசத்துக்குத் தள்ளுகிறது. அது போக விரும்பிய இடமும் அதுதான்! அழிக்கப்பட வேண்டிய புரதத்துக்கான அடையாளம் பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தில்தான் ஒட்டும். இந்தத் துண்டில் லைசின் மிகக் குறைவு. ஆகவே அழிவிலிருந்து தப்பி, மறுபடி மடிந்துகொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

அதன் பிறகு நடப்பது நீங்கள் பாடமாக நடத்துவதுதான். செல்லுக்குள் சுவிட்சுபோல் வேலை செய்யும் ஜி புரதம் ஒன்று அணையாமல் நிற்க, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு பெருகி, குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. நீரும் பின்னால் போகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறலாம்.

காலராவுக்குக் காரணம் ஒரு நஞ்சாகவே இருக்க வேண்டும் என்று 1884இலேயே ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் கருதினார். அதை நிறுவியவர் கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் டே. முயல் குடலின் ஒரு பகுதியை நூலால் கட்டி, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி எடுத்த, கிருமியே இல்லாத வடிநீரை அதற்குள் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. 1959இல் அவர் இதை வெளியிட்டார். எளிய கருவிகளைக்கொண்டு நம் நாட்டில் நடந்த இந்தச் சோதனையை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உள்ளே போன நச்சை வெளியே எடுக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்று நோய் நீடிக்கும் நாட்களைக் குறைக்கும், அவ்வளவுதான். தொண்டை அடைப்பானில் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் நச்சுமுறி மருந்தைக் கொடுப்பதற்கும் இதுவே காரணம்: செல்லுக்குள் போய்விட்ட நச்சை அதனால் எட்ட முடியாது. காலராவில் நமக்கு வேறொரு வழி கிடைத்தது. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும் பாதையை நச்சு கெடுப்பதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் அந்தப் பாதை வழியாகத்தான் வேலை செய்கிறது. 1971இல் வங்காளதேச அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைக் கொடுத்தே பெரும் எண்ணிக்கையில் உயிர்களைக் காத்தார். உடலில் நீர் மிகவும் வற்றிவிட்டவர்களுக்கு முதலில் ரத்தக் குழாய் (சிரை) வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். நச்சேறிய குடல் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அதுவரை இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்துகொண்டே இருந்தால் நோயாளி பிழைத்துவிடுவார்.