தொற்றுக் காய்ச்சலுக்கு ஐசியூவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியும் உடம்பில் தெம்பு இல்லை. வீட்டில் 'சோம்பேறி' என்கிறார்கள். எப்போது பழையபடி ஆவேன்?

நான் டாக்டர் இல்லை. சென்னை ஜிபி ரோட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவன். என்ன நோய் என்று நீங்கள் சொல்லவில்லை. தொற்றுக் காய்ச்சல், ஐசியூ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். டெங்குவோ, நிமோனியாவோ, எனக்கு வந்தது போல எலிக்காய்ச்சலோ என்று வைத்துக்கொள்கிறேன். அந்த 'சோம்பேறி' என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு ஏழு மாதம் ஆனது. உங்களுக்கு முன்பின் ஆகலாம். ஐந்து வாரத்தில் தெம்பு வரவில்லை என்று பயப்பட வேண்டாம், ஐந்தாவது வாரத்தில் நான் குளித்துவிட்டு வந்து கட்டிலில் அரை மணி நேரம் படுத்தால்தான் சட்டை போட முடியும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எட்டு வீடுள்ள ஃபிளாட், கீழே கார் நிறுத்தும் இடம். அங்கே இருக்கும் மோட்டார் ஸ்டார்டர் பெட்டி மூழ்கப்போகிறது என்று செக்ரட்டரி மாடியில் நின்று கத்தினார். நானும் வாட்ச்மேனும் இறங்கிக் கழற்றினோம். அப்புறம் மூன்று நாள் பால் பாக்கெட், தண்ணீர் கேன் என்று அதே தண்ணீரில்தான் நடை. குதிகாலில் செருப்புக் கடித்த புண் ஒன்று இருந்தது. அதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

பத்து நாள் கழித்துக் குளிர் காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி. கண் சிவந்திருந்தது, ஆனால் பீளை இல்லை. பிளேட்லெட் 38 ஆயிரத்துக்கு இறங்கியதால் எல்லோரும் டெங்கு என்றே முடிவு கட்டினார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு எல்லாம் குடித்தேன். (குடித்தேன் என்றுதான் சொல்கிறேன், குடிக்காததால் இப்படி ஆனது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) ஐந்தாம் நாள் சிறுநீர் குறைந்து, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டியூட்டி டாக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். நான் அலறியதும், "வெள்ளத் தண்ணியில இறங்கினீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, புண் வழியாகவோ கண், மூக்கு வழியாகவோ உள்ளே போகிறது. முற்றினால் கல்லீரலையும் கிட்னியையும் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இரண்டையும் பிடித்தது. நான்கு முறை டயாலிசிஸ், ஏழு நாள் ஐசியூ, மொத்தம் பதினாறு நாள். வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய்க்கு என் மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது நான் உள்ளே கையில் ஊசியோடு கிடந்தேன். இன்ஷூரன்ஸ் கதை தனி, அதைத் தொடங்கினால் எனக்கு இன்னொரு நோய் வரும்.

டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்றுதான் நம்மூரில் அர்த்தம். என் சீட்டில் கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 2.4 என்று இருந்தது, ஏறத்தாழ 1.2க்குள் இருக்க வேண்டியது. எடை 71 கிலோவில் இருந்து 59. படுத்தே கிடந்தால் தசை கரைந்துவிடும், எலிக்காய்ச்சல் தசையையே தாக்கவும் செய்யும் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் சொன்னார். அவர் கொடுத்த முதல் பயிற்சி, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. மூன்று முறை செய்தேன், நான்காவதற்கு முடியவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பானையைக்கூட என் மகள்தான் தூக்கி வைத்தாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் இளநீர் கொண்டுவருவார்கள். என் அத்தை பத்து காய் இறக்கினார். கிட்னி தேறாத நேரத்தில் இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அது இதயத்துக்கே ஆபத்து என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அத்தையோ "இளநி ஆகாதுன்னு சொல்ற டாக்டர் என்ன டாக்டருப்பா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குக் கிட்னியில் பிரச்சினை இல்லையென்றால் தாராளமாகக் குடியுங்கள், உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் உடம்புவலி மாத்திரையும் அப்படித்தான், எனக்குப் பாராசிட்டமாலைத் தவிர எதுவும் கூடாது என்றார்கள்.

இன்னொன்று அந்தப் பெயர். எலிக்காய்ச்சல் என்று சொன்னதும் வந்தவர்கள் பார்வை சமையல்கட்டுப் பக்கம் போகும். மாமியார் ஊரிலிருந்து வந்து வீட்டை மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவினார். கொஞ்ச நாள் கழித்து நானே டைஃபாய்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் மனசு ஆறவில்லை. நான் ஐசியூவில் இருந்த வாரம் எங்கள் அசோசியேஷன் கூடி வெள்ளச் சேதத்துக்கு வீட்டுக்கு 4,500 ரூபாய் என்று தீர்மானம் போட்டது. நான் வீட்டுக்கு வந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது: 4,500, தாமதக் கட்டணம் 100. அந்த ஸ்டார்டர் பெட்டியைக் கழற்றியது யார்? நூறு ரூபாய் பெரிய தொகை இல்லை, எனக்குத் தெரியும். குரூப்பில் மற்றவர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருவர்கூட "அதை விடுங்க சார்" என்று எழுதவில்லை. வாட்ச்மேனுக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் தினமும் மாடிக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி நடுவில் வேலைக்குப் போனேன், அவசரப்பட்டுத்தான் போனேன். அப்போது நாலாவது ரயில் பாதை வேலை நடந்ததால் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிடும், எனக்கு அதுவே இறங்கும் இடம். ரயிலில் பிரச்சினை இல்லை, படிக்கட்டில்தான். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, போன் பேசுவது போல நடிப்பேன். கடையில் ஒரே பில்லை டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) இரண்டு முறை ஏற்றினேன். பதினெட்டு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் அரை நாள் வேலை, அரைச் சம்பளம். அப்படிக் கேட்க எல்லோராலும் முடியாது, தினக்கூலி என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என்னிடம் பதில் இல்லை.

மார்ச்சில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பெரிய காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டி, தானாகவே திரும்ப முளைக்கும். எனக்கு முளைத்தது, முன்பு இல்லாத இடத்தில் முளைக்கவில்லை, அவ்வளவுதான். ராத்திரியில் தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வரும்போது கேட்கும் பீப் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன், ஐசியூ மானிட்டர் என்று நினைத்து. இதை வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எலிக்காய்ச்சலாக இருந்தால் மட்டும் இதைக் கவனியுங்கள். மே மாதம் என் இடது கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசி, எதிரே பூச்சி பறப்பது போல இருந்தது. மெட்ராஸ் ஐ என்று கடையில் எல்லோரும் விலகி உட்கார்ந்தார்கள். நான் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலிக்காய்ச்சல் போய்ப் பல மாதம் கழித்துக்கூடக் கண்ணுக்குள் அழற்சி வரும் என்று அங்கேதான் தெரிந்தது. 1993இல் தென் மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்த பிறகு மதுரையில் நிறையப் பேருக்கு இப்படிக் கண் பாதித்திருக்கிறது, அங்கே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், பாப்பாவை விரிக்கும் மருந்தும் ஆறு வாரம். பார்வை தப்பியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் ஏதோ சொட்டு வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

வீட்டில் சொல்கிற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு அதைச் சொன்னது என் அண்ணன். "காய்ச்சலுக்கு மூணு மாசமாடா? நாங்கல்லாம் மஞ்சக்காமாலையோட வயல்ல நின்னோம்." நான் பதில் சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. அடுத்த தடவை கிட்னி டாக்டரைப் பார்க்கப் போனபோது துணைக்கு ஆள் வேண்டும் என்று அவனையே கூட்டிப்போனேன். டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிசம்பரில் கிட்னி எந்த நிலையில் இருந்தது, இப்போது எங்கே வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவனைப் பார்த்தே சொன்னார். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என் கையில் இருந்த ஃபைல் பையை வாங்கிக்கொண்டு, லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று தேடப் போனான்.

நீங்களும் அடுத்த செக்கப்புக்கு அவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.